ஒப்பந்தத்தில் சேரி எங்கே இருக்கிறது?

அரசு மருத்துவமனைகளை விரிவாக்குவது பற்றி யார் பேசினாலும் இரண்டு சொற்கள் தவறாமல் வருகின்றன. ஒன்று, புதிய கட்டடம். இன்னொன்று, தனியார் பங்களிப்பு. கேட்டவுடன் கைதட்டவும் வேண்டாம், கேட்டவுடன் கொடி பிடிக்கவும் வேண்டாம் தோழர்களே. கையெழுத்தாகும் முன் ஒப்பந்தத்தை வாங்கிப் படிப்போம். அதில் மூன்று விஷயங்களைத் தேடுவோம்: கவுன்டரில் காசு யார் கட்டுவது, வேலைக்கு யாரை எடுப்பது, சொன்னதைச் செய்யாவிட்டால் யார் கேட்பது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத மருத்துவமனை எத்தனை மாடி எழுந்தாலும் நமக்கானது ஆகாது.

கெங்குவார்பட்டியில் இருந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். கொடைக்கானல் மலையடிவாரத்தில், தேனி மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பேரூராட்சி இது. கொஞ்சம் தாண்டினால் திண்டுக்கல் மாவட்டம். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வயலும்தான் பிழைப்பு. தோப்பு யாருடையது, கூலி யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால் தேவதானப்பட்டி வழியாகப் பெரியகுளம் போக வேண்டும். அங்கே முடியாது என்று எழுதிக் கொடுத்தால் தேனி போய், அதையும் தாண்டி மதுரை ரோட்டில் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, துணைக்குப் போகிறவருக்கும் போச்சு. பஸ் காசு, சாப்பாட்டுக் காசு தனி. மருந்து இலவசம்தான், ஆனால் அந்த மருந்தை வாங்கப் போய்வருவது இலவசம் இல்லை.

அதற்காக க.விலக்கைக் குறை சொல்லிவிட முடியாது. அந்தக் கல்லூரி வருவதற்கு முன் பெரிய நோய் என்றால் மதுரை பெரியாஸ்பத்திரிதான். மாவட்டத்துக்குள்ளேயே மருத்துவக் கல்லூரி வந்தது பெரிய மாற்றம். அது அரசுக் கல்லூரி என்பதால், நம் பிள்ளைகள் அங்கே 69 சதவீத இடஒதுக்கீட்டில் டாக்டருக்குப் படிக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம், 2009-இல் இருந்து. ஒரு மருத்துவமனை நோய் தீர்க்கும் இடம் மட்டுமில்லை. யார் டாக்டர் ஆவது, யார் நர்ஸ் ஆவது, யார் நிரந்தரச் சம்பளம் வாங்குவது என்று தீர்மானிக்கும் இடமும் அதுதான்.

யார் டாக்டர் என்பது நமக்கு ஏன் முக்கியம்? அம்பேத்கர் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1929-இல் ‘யங் இந்தியா’ இதழில் கடிதமாக வந்தது. கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியரின் மனைவி பிரசவத்துக்குப் பின் நோயில் விழுகிறார். டாக்டர் சேரிக்குள் வர மறுக்கிறார். பெண்ணை வெளியே கொண்டு வந்து படுக்க வைத்த பிறகும் தொடவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுத்து, அவர் கணவர் கையில் கொடுத்து, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்க்கிறார். அந்தப் பெண் செத்துப் போகிறார். அங்கே டாக்டர் இருந்தார், கருவி இருந்தது, ஃபீஸும் கொடுக்கப்பட்டது. தொடும் கைதான் இல்லை. அந்தக் கை தானாக வந்துவிடவில்லை. சட்டமும் இடஒதுக்கீடும் பொது மருத்துவமனையும் சேர்ந்து கொண்டுவந்தன. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் ‘பங்களிப்பு’ என்ற சொல்லைப் பார்க்க வேண்டும்.

எல்லாப் பங்களிப்பும் ஒன்றில்லை. 2008-இல் தமிழ்நாட்டில் வந்த 108 ஆம்புலன்ஸ் தனியார் நிறுவனம் நடத்துவதுதான். பணம் அரசு கொடுக்கிறது, ஏறுகிறவர் ஒரு பைசா கொடுப்பதில்லை. சேரித் தெருவுக்குள் வண்டி வர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தை அது நிறைய மாற்றியது. தேனியில் 1980களில் இருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. முகாம் நடத்தி, ஆட்களைக் கூட்டிப் போய், கண்புரையை இலவசமாக ஆபரேஷன் செய்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள். இப்படித் தொண்டு நிறுவனங்கள் செய்யும் ஆபரேஷனுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தலைக்கு இவ்வளவு என்று நிதி தருகிறது. இந்த இரண்டிலும் கவுன்டர் கேள்விக்குப் பதில் சுத்தமாக இருக்கிறது: நோயாளி கட்ட வேண்டாம். ஆனால் வேலைக் கேள்விக்கு இல்லை. 108 தொழிலாளர்கள் பணிப் பாதுகாப்புக்காகவும் சம்பளத்துக்காகவும் இன்னும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அடுத்த வகை காப்பீடு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இது உயிர் காத்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நம் வீடுகளைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் படுக்கையில் சேராத நோய்கள்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம், தீராத இடுப்பு வலி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. இதற்கெல்லாம் அந்த அட்டை பெரும்பாலும் உதவாது. அதோடு, அட்டையைத் தனியார் மருத்துவமனையில் நீட்டும்போது அரசுப் பணம் அங்கே போகிறது. அதே ஆபரேஷனைப் பெரியகுளத்தில் செய்தால் அந்தக் காப்பீட்டுப் பணம் பெரியகுளம் மருத்துவமனைக்கே வரும். அங்கே செய்யும் வசதியைக் கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுப்பது, கிணறு வெட்டாமல் குடம் கொடுப்பது மாதிரி.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. அரசு இடத்தைக் கொடுத்துத் தனியாரை நடத்தச் சொல்வது. டெல்லியில் இந்திரப்பிரஸ்தா அப்பல்லோவுக்கு 15 ஏக்கர் நிலத்தை ஒரு ரூபாய் குத்தகைக்குக் கொடுத்தார்கள். டெல்லி அரசுக்கு 26 சதவீதப் பங்கும் உண்டு. பதிலுக்கு மூன்றில் ஒரு பங்கு படுக்கைகளும், புறநோயாளிகளில் 40 சதவீதம் பேருக்குச் சிகிச்சையும் இலவசம் என்பது நிபந்தனை. அது நடக்கவில்லை என்று 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றமே சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றம், ஏழைகளுக்கு இலவசச் சிகிச்சை தராவிட்டால் மருத்துவமனையை எய்ம்ஸிடம் கொடுத்துவிடுவோம் என்று எச்சரிக்க வேண்டி வந்தது. பங்கும் வைத்துக்கொண்டு, தலைநகரத்தில், நீதிமன்றத்தின் கண் முன்னாலேயே நிபந்தனையை அமல்படுத்த முடியவில்லை என்றால், தேனி மாவட்டத்து ஓரத்தில் யார் அமல்படுத்துவது?

இருந்தும் அந்த யோசனை நிற்கவில்லை. 2017-இல் நிதி ஆயோக் மாவட்ட மருத்துவமனைகளின் ஒரு பகுதியை 30 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விடலாம் என்றது. 2020-இல் மாவட்ட மருத்துவமனையைத் தனியார் மருத்துவக் கல்லூரியோடு இணைக்கலாம் என்றது. அதில் இலவசப் படுக்கை, சந்தை விலைப் படுக்கை என்று இரண்டு வகை. இரட்டைக் குவளையை ஒழிக்க எத்தனை தலைமுறை போராடினோம்! இப்போது அரசே இரட்டைப் படுக்கை போட யோசிக்கிறது. பக்கத்து ஆந்திரத்தில் 2025-இல் 10 புதிய மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் பங்களிப்பில் கொண்டுவர முடிவெடுத்தார்கள். அங்கே அதை எதிர்த்துப் போராட்டம் நடந்தது.

இனி வேலைக்கு வருவோம். பல அரசு மருத்துவமனைகளில் துப்புரவும் காவலும் ஏற்கனவே ஒப்பந்த நிறுவனங்களிடம் போய்விட்டன. வார்டைக் கழுவுவது, ரத்தத் துணியை அள்ளுவது, ஸ்ட்ரெச்சர் தள்ளுவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் அக்காக்கள், நம் அண்ணன்கள். முன்பு இந்த வேலைக்காவது அரசு ஊழியர் என்ற பெயரும் ஓய்வூதியமும் இருந்தன. பிள்ளையைப் படிக்க வைக்க ஒரு நிரந்தர வருமானம் இருந்தது. இப்போது ஆட்சியர் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியைக் கொடு என்று கேட்டே தெருவில் உட்கார வேண்டியிருக்கிறது. வேலை நமக்கு, உரிமை காண்டிராக்டருக்கு. இடஒதுக்கீட்டை ஒழிக்க யாரும் சட்டம் போடவில்லை. வேலையை வெளியே விட்டுவிட்டால் போதும், அது தானாகவே செத்துவிடும்.

“ஸ்பெஷலிஸ்டுகள் சின்ன ஊருக்கு வர மாட்டார்கள், தனியாரைத்தான் கூப்பிட வேண்டும்” என்று சொல்வார்கள். நியாயமான கவலைதான். ஆனால் இதற்கு தமிழ்நாடு ஏற்கனவே ஒரு வழி கண்டிருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு மேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. படித்துவிட்டு அரசு மருத்துவமனைக்கே திரும்ப வேண்டும். அந்த ஒதுக்கீட்டைக் கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதி செய்தது. சின்ன ஊருக்கு ஸ்பெஷலிஸ்ட் வரும் பாதை அது. அதை அகலப்படுத்துங்கள்.

அப்படியென்றால் நாம் கேட்க வேண்டியது என்ன?

பெரியகுளம் தலைமை மருத்துவமனையில் இரவிலும் சிசேரியன், விபத்துச் சிகிச்சை, ஸ்கேன் நடக்க வேண்டும், க.விலக்குக்கு எழுதிக் கொடுப்பது கடைசி வழியாக இருக்க வேண்டும். கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டிச் சுற்றுவட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரி நர்ஸ் இருக்க வேண்டும், மருந்து இருக்க வேண்டும். எந்தத் தனியாரோடு கூட்டு வைத்தாலும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, பணி நியமனத்தில் இடஒதுக்கீடு உண்டு, மீறினால் ஒப்பந்தம் ரத்து என்ற மூன்று வரிகள் அதில் இருக்க வேண்டும். தேனி மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி என்கிறது 2011 கணக்கெடுப்பு. ஒப்பந்தத்தில் அந்த ஐந்தில் ஒருவருக்கு ஒரு வரிகூட இல்லாமல் போகக் கூடாது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பேரூராட்சி என்பதால் கெங்குவார்பட்டியில் கிராம சபை கிடையாது. எழுந்து நின்று கேட்க அந்த மேடை இல்லை. ஆனால் 10 ரூபாய் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பெரியகுளத்தில் அனுமதிக்கப்பட்ட டாக்டர், நர்ஸ் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? துப்புரவு ஒப்பந்தத்தின் நகல் எங்கே, ஒரு ஆளுக்கு நிறுவனம் வாங்குவது எவ்வளவு, ஆள் கையில் போய்ச் சேருவது எவ்வளவு? மாதத்துக்கு எத்தனை பேரை க.விலக்குக்கும் மதுரைக்கும் அனுப்பினார்கள்? நோயாளர் நலச் சங்கத்தில் யார் யார் உறுப்பினர்? பதில்களை எடுத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரைப் பாருங்கள், ஆட்சியரின் குறைதீர் நாளில் கொடுங்கள், உங்கள் தெருவில் படித்துக் காட்டுங்கள்.

திறப்பு விழாவில் நமக்குக் கடைசி வரிசையில் நாற்காலி போடுவார்கள். நாம் உட்கார வேண்டியது அந்த ஒப்பந்தம் எழுதப்படும் மேசையில். அதற்கான முதல் மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.

ஜெய் பீம்.