இலவசம் எண்டால் சொந்தக்காரர் இல்லையா?

விளையாட்டுக் கோச்சி ஓட்டுற மென்பொருளுக்கு ஒரு நீதிமன்ற வழக்கு எண்டு கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வாசிச்ச பிறகு சிரிப்பு வரேல்லை. திறந்தமூல உரிமத்தை மீறுறது பதிப்புரிமை மீறலாகலாம் எண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கிலதான்.

முதலில் அந்த மென்பொருள் என்ன செய்யுது எண்டு பார்ப்பம். மேசையில ஓடுற மாதிரி ரயில்கள் முந்தி தண்டவாளத்துக்குக் குடுக்கிற மின்சாரத்தைக் கூட்டிக் குறைச்சுத்தான் ஓடினது. ஒரே தடத்தில ரெண்டு எஞ்சின் நிண்டால் ரெண்டும் சேர்ந்தே வெளிக்கிடும். டிசிசி எண்ட டிஜிட்டல் முறை வந்தபிறகு ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டிகோடர் எண்ட சின்னக் கருவி, அதுக்கொரு இலக்கம். தன்ர இலக்கத்துக்கு வாற கட்டளையை மட்டும் எஞ்சின் கேட்கும். இதோட கணினியை இணைச்சால், எந்தத் துண்டில ரயில் நிக்குது எண்டதை உணரிகள் சொல்ல, சிக்னல் போடுறது, தடம் மாத்துறது, பின்னால வாற ரயிலை நிப்பாட்டுறது எல்லாத்தையும் மென்பொருளே பார்க்கும்.

ஆனால் டிகோடரோட கதைக்கிறது லேசில்லை. எஞ்சின் எவ்வளவு மெதுவாக வேகம் எடுக்கோணும், எப்பிடி நிக்கோணும் எண்ட ஒவ்வொண்டும் அதுக்குள்ள வெறும் இலக்கமாகத்தான் பதியும். அதில சிலது பொது, மிச்சம் கம்பனிக்குக் கம்பனி வேறு. ஜேஎம்ஆர்ஐ எண்ட இலவச மென்பொருளின் பகுதியான டிகோடர்புரோ இந்த இலக்கங்களை மனுசருக்கு விளங்கிற மாதிரி மாத்தித் தருது. அதுக்கு வேண்டிய விவரக் கோப்புகளைப் பொறுமையாக இருந்து எழுதினது சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

மத்தியூ காட்சர் எண்டவரின் கம்பனி அந்தக் கோப்புகளை எடுத்துத் தன்ர வியாபார மென்பொருளில சேர்த்தது. எழுதினவர்களின் பெயரும் இல்லை, பதிப்புரிமைக் குறிப்பும் இல்லை. பெயரை விடோணும், மாத்தினதைச் சொல்லோணும் எண்டதுதான் உரிமம் கேட்ட விலையே. ஜேஎம்ஆர்ஐயின் ரொபேர்ட் ஜேக்கப்சன், பேர்க்லியில ஒரு பௌதிகவியல் பேராசிரியர், 2006இல வழக்குப் போட்டார். இது வெறும் ஒப்பந்தப் பிரச்சினை எண்டு கீழ்நீதிமன்றம் தடையுத்தரவு குடுக்க மறுத்தது. 2008இல மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாத்தியது: பணம் கைமாறாட்டியும் அந்த நிபந்தனைகளுக்குப் பெறுமதி இருக்கு. 2010இல காட்சர் தரப்பு 1,00,000 டொலர் குடுக்க ஒத்துக்கொண்டு வழக்கு சமரசமாக முடிஞ்சது.

"சும்மா குடுத்த சாமான்தானே, ஆருக்கு நட்டம்?" எண்டு கேட்கலாம். ஒரு கோப்பில பெயர் இருந்தால் அதைப் பாவிக்கிற ஆள் மூலத்தைத் தேடி வருவார், பிழையைத் திருத்துவார், புது டிகோடருக்கு இன்னொரு கோப்பு எழுதுவார். பெயரை வெட்டினால் அந்த வழியே அடைபடும். நட்டம் அங்கதான்.

எங்கட தமிழ் இணையத்தில இந்த வெட்டு ஒவ்வொரு நாளும் நடக்குது. படத்தில இருக்கிற பெயரைக் கத்தரிச்சுப் போட்டுப் பகிர்றம். ஆரோ இரவிரவாக எழுதின கட்டுரை "படித்ததில் பிடித்தது" எண்டு வட்ஸ்அப்பில சுத்துது. நானும் அப்பிடி அனுப்பியிருக்கிறன். களவெடுக்கிறன் எண்டு ஒரு நாளும் நினைக்கேல்லை, இலவசம் எண்டுதான் நினைச்சன்.

ஜேக்கப்சனால நாலு வருசம் வழக்காட முடிஞ்சது. இங்க கவிதை எழுதுற, படம் எடுக்கிற பிள்ளையால அது ஏலாது. அதால எங்களுக்குச் சட்டத்தை விடப் பழக்கம்தான் காவல். பகிர முதல் ஆர் செய்தது எண்டு ஒரு வரி போடுங்கோ. தெரியாட்டி ஒருக்காத் தேடிப் பாருங்கோ. விளையாட்டுக் கோச்சிக்காரர் கேட்டதும் அவ்வளவுதான்.