தழும்பும் தூசியும்

பழைய தகரப்பெட்டி ஒன்று இல்லாத இல்லம் நம்மிடையே அரிது. அப்பெட்டியின் அடியில், நிலப் பத்திரங்களுக்கும் திருமுழுக்குச் சான்றிதழ்களுக்கும் இடையே, ஒரு நிழற்படம் கிடக்கக் காண்போம். ஓரம் செல்லரித்திருக்கும், நடுவில் மடிப்பு வெடித்திருக்கும், முகத்தின்மீது வெண்புள்ளிகள் படர்ந்திருக்கும். எனினும் அதனை எறிந்துவிட எவருக்கும் மனம் வாராது. அம்முகம் வேறெங்கும் இல்லை என்பதே காரணம்.

இத்தகைய படங்களைக் கணிப்பொறியின் துணைகொண்டு செப்பனிடும் கலையைக் கற்க நாம் விழைந்தோம். ஐம்பதைத் தாண்டிய பருவத்தில், பயிற்சி நிலையத்தில் இளைஞர்களோடு சேர்ந்து அமரக் கூச்சம் தடுத்தது; உண்மையை ஒளிப்பானேன்? ஆகவே நூல் ஒன்றையே ஆசானாகக் கொண்டோம். ஃபோட்டோஷாப் என்னும் மென்பொருளைக் கற்பிக்க அடோபி நிறுவனத்தின் பெயரால் வெளிவரும் 'கிளாஸ்ரூம் இன் எ புக்' வரிசையில் ஒரு பழைய பதிப்பு அது. நண்பர் ஒருவர் அன்புடன் அளித்தது.

பெயருக்கேற்ப வகுப்பறையையே அட்டைகளுக்குள் அடக்கிய நூல் அது. பயிற்சிக்கான படங்கள் யாவும் உடன் வந்த குறுந்தகட்டில் இருந்தன. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும், வேலை முடிந்தபின் படம் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை முதலில் காட்டிவிடுகிறார்கள். அதன்பின் திருத்தப்படாத படத்தைத் திறக்கச் சொல்லி, ஒன்று, இரண்டு என எண்ணிட்ட படிகளால் கைப்பிடித்து நடத்திச் செல்கிறார்கள். இறுதியில் சில வினாக்களும் அவற்றிற்கு விடைகளும் உண்டு. இதனினும் பொறுமையான ஆசிரியரை நாம் கண்டதில்லை. பொறுமை இல்லாதிருந்தவர் மாணவரே!

இம்மென்பொருளின் பிறப்பை இங்குச் சிறிது கூறுதல் தகும். 1987-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த தாமஸ் நோல், படங்களின் சாம்பல் நிறச் சாயல்களைக் கணிப்பொறித் திரையில் காட்டவல்ல சிறு நிரல் ஒன்றை எழுதினார். திரைப்படத் தந்திரக் காட்சிகளை அமைக்கும் நிறுவனத்தில் பணியாற்றிய அவர்தம் உடன்பிறந்தார் ஜான் நோல், அதனை முழுமையான மென்பொருளாக்கத் தூண்டினார். 1990 பிப்ரவரியில் முதற்பதிப்பு வெளிவந்தது. அவ்விருவரின் தந்தையார் வீட்டின் நிலவறையில் படம் கழுவும் இருட்டறை ஒன்றை வைத்திருந்தார். அதன் சாயலை இன்றும் திரையில் காணலாம். படத்தின் ஒரு பகுதி கருத்துவிடாதிருக்க, கம்பியில் கோத்த அட்டைத்துண்டால் அவ்விடத்தில் ஒளியை மறைப்பர் பழைய ஸ்டூடியோக்காரர். மற்றொரு பகுதியைக் கருமையாக்க, கையைக் குவித்து அவ்விடத்திற்கு மட்டும் மிகுதியான ஒளியை விடுவர். அந்த அட்டையும் குவிந்த கையுமே இன்று சிறு சின்னங்களாக அங்கே நிற்கின்றன.

நிற்க. நாம் முதற்பாடத்தை முடித்து இரண்டாவதைத் தொட்டிருந்த வேளையில், பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் தம் கணவரின் படத்தைக் கொண்டுவந்தார். "சாமி, இந்தப் போட்டோவைக் கொஞ்சம் பெருசாக்கித் தருவீங்களா? சாகுறதுக்குள்ள சுவத்துல மாட்டிப் பார்க்கணும்" என்றார். உள்ளங்கையளவுகூட இல்லாத படம். இளைஞரான கணவர், நெற்றியில் மடிப்பு, முகமெங்கும் புள்ளிகள்.

தட்டச்சு நிலையங்களில் முதல் நாட்களில் என்ன செய்வார்கள் என்பது வாசகர் அறிந்ததே. ஏ, எஸ், டி, எஃப் என்று தாள் தாளாக அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். கடிதம் அடிக்க இன்றே வேண்டும் எனக் கேட்பவரை ஆசிரியர் நகைத்து அனுப்புவார். நாமோ நூலைப் புரட்டிப் படச் சீரமைப்புக்கான பக்கங்களுக்குத் தாவினோம். நம்மைத் தடுக்க அங்கு எவரும் இல்லை.

அப்பக்கங்களில் இரு கருவிகளைக் கற்றோம். ஒன்று முத்திரை போன்றது. படத்தின் ஓரிடத்தை மாதிரியாகக் காட்டினால், அதனை அப்படியே வேறிடத்தில் பதிக்கும். மற்றொன்று 2002-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் சேர்க்கப்பட்ட ஆற்றும் தூரிகை. அது மாதிரி இடத்தின் இழையமைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, நிறத்தையும் ஒளியையும் புண்பட்ட இடத்தின் சுற்றுப்புறத்திற்கு இசைவிக்கும். தூரிகை பட்ட இடமெல்லாம் மாயம் போல் மாசு நீங்கிற்று. மூன்று மாலைப்பொழுதுகளில் ஒரு புள்ளியும் எஞ்சாமல் துடைத்தோம், பெரிதாக்கி அச்சிட்டோம், மூலப்படத்தையும் சேர்த்துப் பெருமிதத்தோடு அவரிடம் கொடுத்தோம்.

அவர் நெடுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு, சாமி" என்றார். பின்பு தயங்கி, "இடப்புருவத்துக்கு மேல ஒரு தழும்பு இருக்கும். பனை ஏறும்போது கருக்குக் கிழிச்சது. அதைக் காட்டித்தான் பேரப்புள்ளைகளுக்கு அவர் கதையைச் சொல்லுவேன். அது எங்க போச்சு?" என்றார்.

நாம் அதனைத் தூசி என்று எண்ணித் துடைத்திருந்தோம்.

திரும்பிச் சென்று தழும்பை மீட்க முயன்றோம், இயலவில்லை. செய்த மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்வாங்க உதவும் பட்டியல் ஒன்று அம்மென்பொருளில் உண்டு. ஆனால் கோப்பை மூடியவுடன் அப்பட்டியல் மறைந்துவிடும். நாமோ ஒரே கோப்பின்மீது மேலும் மேலும் திருத்தி, அதன்மேலேயே சேமித்திருந்தோம். அப்பெண்மணியின் கையில் மூலப்படம் மட்டும் இல்லாதிருந்தால், அத்தழும்பு அன்றே உலகைவிட்டு நீங்கியிருக்கும்.

அன்றிரவு நூலை மீண்டும் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம். நாம் தாண்டிச் சென்ற பக்கங்களில்தான் அடுக்குகளைப் பற்றிய பாடம் இருந்தது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அறிமுகமான ஏற்பாடு இது. பள்ளி நாட்களில் நிலப்படத்தின்மேல் மெல்லிய எண்ணெய்த்தாளை விரித்து ஆறுகளை வரைந்தோமல்லவா? அது போன்றதே. படத்தின்மேல் வெறுமையான அடுக்கு ஒன்றை விரித்து, எல்லா அடுக்குகளிலிருந்தும் மாதிரி எடுக்குமாறு தூரிகைக்குக் கட்டளையிட்டு, திருத்தங்கள் அனைத்தையும் அம்மேலடுக்கிலேயே செய்யலாம். அடியிலுள்ள படம் தீண்டப்படாமல் இருக்கும். அருகிலுள்ள கண் சின்னத்தை அழுத்தினால் திருத்தம் மறையும். மீண்டும் அழுத்தினால் தோன்றும். தவறியதை மட்டும் அழித்துவிடலாம்.

வறண்ட பாடம் என்று நாம் ஒதுக்கியது இதனையே. தூரிகை திறமையைத் தருகிறது. அடுக்கோ நம் அறியாமைக்கு இடம் விட்டு வைக்கிறது. முதலில் வேண்டப்படுவது இரண்டாவதே என்பதைப் பட்டபின் உணர்ந்தோம்.

மூலப்படத்தை மீண்டும் பெற்று, அங்குலத்திற்கு 600 புள்ளிகள் வீதம் கணிப்பொறியில் ஏற்றினோம். மடிப்பிற்கு ஓர் அடுக்கு, புள்ளிகளுக்கு ஓர் அடுக்கு, மங்கலை நீக்க ஓர் அடுக்கு என வகுத்துக்கொண்டோம். பிறகு அப்பெண்மணியையே திரைமுன் அமரச் செய்து, ஒவ்வொன்றாகக் கேட்டோம்.

"இது என்னம்மா?"

"அது கறை, சாமி. எடுத்துருங்க."

"இது?"

"அது மச்சம். இருக்கட்டும்."

சிலவற்றை அவராலும் சொல்ல முடியவில்லை. அவற்றை நாம் தொடவில்லை. முன்னை விடப் புள்ளிகள் மிகுந்த படமே இம்முறை அச்சாயிற்று. அதனைக் கண்டதும் அவர் முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

நூலின் வழியே இக்கலையைக் கற்க விரும்பும் இளைஞரும் பெற்றோரும் நம் பட்டறிவிலிருந்து சிலவற்றைக் கொள்ளலாம். உங்களிடமுள்ள மென்பொருளின் பதிப்பும் நூல் கூறும் பதிப்பும் ஒன்றாயிருத்தல் நன்று. இல்லையேல் நூல் காட்டும் கட்டளை திரையில் வேறிடத்தில் இருக்கும். ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் மென்பொருளை ஆதிநிலைக்குத் திருப்புமாறு நூல் வற்புறுத்துவதும் இதன்பொருட்டே. நூலின் படத்தில் ஒருமுறை, உங்கள் படத்தில் ஒருமுறை என ஒவ்வொரு பாடத்தையும் இருமுறை செய்க. வினாக்களுக்கு நூலை மூடிவிட்டு விடை கூறுக. மூலக் கோப்பை வேறு பெயரில் தனியே வைத்துவிட்டுப் படியில் மட்டுமே பணி செய்க. ஃபோட்டோஷாப் இப்போது சந்தா செலுத்திப் பெறவேண்டியதாகிவிட்டது. பொருள் வசதி குறைந்தோர் 1996 முதல் வழங்கிவரும் கிம்ப் என்னும் இலவச மென்பொருளில் தொடங்கலாம். அதற்குரிய பயிற்சி நூல்களும் உண்டு. அடுக்கும் முத்திரையும் ஆற்றும் தூரிகையும் அதிலும் உள்ளன.

இறுதியாக ஒன்று. முடிந்த படம் எவ்வாறிருக்கும் என்பதை நூல் ஒவ்வொரு பாடத்திலும் முதலிலேயே காட்டிவிடுகிறது. நம் வீட்டுப் படங்களுக்கு அவ்வாறு காட்டுவார் யார்? அம்முகத்தை நேரில் கண்ட முதியோர் மட்டுமே. அவர்களும் ஒவ்வொருவராக விடைபெற்று வருகின்றனர். ஆகவே கணிப்பொறியைத் திறக்குமுன் தகரப்பெட்டியைத் திறவுங்கள். பாட்டியாரை அருகில் அமர்த்தி, யார் இவர், எந்த ஊர், இது தழும்பா தூசியா என்று கேளுங்கள். அவர் கூறுவதைப் படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதி வையுங்கள். மென்பொருளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம், நூல் காத்திருக்கும்.