ராடார் கண்டதற்குப் பொருள் சொல்வது யார்?

மாரி காலத்தில் மன்னாருக்கு மேலே மேகம் நாட்கணக்கில் கலையாமல் நிற்கும். 2020 டிசம்பரில் புரேவிப் புயல் திருகோணமலைப் பக்கம் கரையேறி மன்னார் வளைகுடாவை நோக்கி வந்தபோதும் அப்படித்தான். வெள்ளம் எங்கே நிற்கின்றது என்று அறிய வேண்டிய அந்த நாட்களில், சாதாரண கமெரா பொருத்திய செய்மதிக்கு எங்கள் தீவு தெரியாது.

ராடார் செய்மதிக்கு இந்தத் தடை இல்லை. அது தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவு செய்கின்றது. நுண்ணலை மேகத்தைக் கடந்து செல்லும். இரவும் பகலும் அதற்கு ஒன்றே. மாதக்கணக்கில் இருள் நீடிக்கும் வடதுருவத்தில் கடற்பனி குறைந்து வருவதை 1978 முதல் தொடர்ந்து கணக்கெடுக்க முடிந்ததும் நுண்ணலையை உணரும் கருவிகளால்தான். ஐரோப்பாவின் சென்ரினல்-1 செய்மதிகள் 2014 முதல் எடுத்துவரும் படங்களை எவரும் இலவசமாகப் பெறலாம். இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நைசார், 2025 ஜூலை 30 இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது.

படங்களுக்குக் குறைவில்லை. அவற்றை வாசிக்க எங்கள் ஊரவர் போதாது என்பதே என் கவலை.

ராடார் படத்தில் அசையாத நீர் கறுப்பாகத் தெரியும். நுண்ணலை அதில் பட்டு வேறு திசைக்குத் தெறித்துவிடுவதே காரணம். ஆனால் மட்டமான உலர்ந்த மணலும் கறுப்பாகவே தெரியும். எங்கோ இருந்து பார்ப்பவர் எங்கள் மணல்வெளியை வெள்ளம் என்று எண்ணலாம்; பனைகளுக்கு அடியிலும் நெருங்கிய வீடுகளுக்கு இடையிலும் நிற்கும் உண்மையான வெள்ளத்தைக் காணாமலும் விடலாம். எந்த ஒழுங்கை முதலில் மூழ்கும் என்பது எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். நிவாரணத்தைத் தீர்மானிக்க வரைபடம் பார்க்கும் காலத்தில் இது சிறிய விடயமல்ல.

முசலிப் பக்கத்து ஊர்களையும் நினைத்துப் பாருங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபின், மறிச்சுக்கட்டி போன்ற ஊர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்தன; மரங்கள் வளர்ந்தன. 2017 இல் அப்பகுதியில் நிலங்கள் வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. நைசாரின் நீண்ட நுண்ணலை இலைகளைத் தாண்டி அடிமரம்வரை செல்லும். காடு எவ்வளவு அடர்ந்தது என்றும் சொல்லும். அந்தக் காட்டுக்குள் யாருடைய கிணறு இருந்தது, எங்கே பள்ளிவாசல் இருந்தது என்று சொல்லாது. காடும் காக்கப்பட வேண்டியதே. எந்தக் காணி யாருக்கு என்பதைச் சட்டம் தீர்க்கட்டும். ஆனால் அந்தப் பேச்சில் வரைபடம் மேசைக்கு வரும்போது, அதை வாசிக்கத் தெரிந்த எங்கள் பிள்ளை ஒருத்தியும் அங்கே இருக்க வேண்டாமா?

“பெண்பிள்ளைக்குப் புவியியல் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: இந்தத் துறையில் பெரும் பகுதி வேலை கணினி முன் நடப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் புவியியல் படிக்கலாம். சப்ரகமுவவில் புவித்தகவலியலுக்கென்றே ஒரு பீடம் உண்டு. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த மகளை அங்கே அனுப்பத் தயங்காதீர்கள்.

மாணவியரே, பல்கலைக்கழகம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அடுத்த மாரியில் எந்தத் திகதியில், எந்த ஒழுங்கையில், முழங்கால் அளவா கணுக்கால் அளவா தண்ணீர் நின்றது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு அதே நாட்களின் ராடார் படத்தோடு ஒப்பிடுங்கள். படம் எங்கே சரி, எங்கே பிழை என்று ஊருக்குச் சொல்லக்கூடியவர்கள் நீங்கள்தான்.