மீன்குளத்திற்கு வடிகட்டி

தோட்டத்தில் பெரிய மீன்குளம் அமைக்கும் அங்கத்தினர் சிலர், நீர் தெளிந்திருந்தால் போதுமெனக் கருதி, கடன் பெற்று விலையுயர்ந்த வடிகட்டி இயந்திரங்களை வாங்க முற்படுகின்றனர். இது சிக்கனமன்று. மீனைக் கொல்வது பெரும்பாலும் கலங்கலன்று. அதன் கழிவில் தோன்றும், கண்ணுக்குப் புலப்படாத அம்மோனியாவே. சரளையில் வளரும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே, வண்டல் படிய ஒரு தொட்டி, சரளை நிரப்பிய மற்றொரு தொட்டி, 2 மணி நேரத்துக்கு ஒருமுறை குளநீர் முழுவதையும் சுழற்றும் பம்பு ஆகியவற்றைத் தாமே அமைத்துக்கொள்வது நலம்.

நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு இன்றியமையாதது. மின்சாரச் செலவுக்கு அஞ்சி இரவில் பம்பை நிறுத்தலாகாது. சரளையைக் குளோரின் கலந்த குழாய்நீரில் கழுவாது, குளத்து நீரிலேயே அலசுதல் வேண்டும். நுண்ணுயிர் பெருகச் சில வாரங்கள் ஆகுமாதலின், முதலில் சில மீன்களையே விடுதல் தகும். கடன் மனுவில் இயந்திரத்தின் விலையைப் பார்க்குமுன் தொட்டியின் திட்டத்தைக் கேட்பதே சங்கங்களின் கடமை.