சத்தியம் வாங்கும் நாவே, சற்று நில்!

பழவேற்காட்டு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அடுத்து லைட்ஹவுஸ் குப்பம் இருக்கிறது. அங்கும் அதையொட்டிய மீனவக் குப்பங்களிலும் ஒருவன் குடிக்கு அடிமையானால் நாம் செய்வது என்ன? ஊர்ப் பெரியவர்கள் கூடி வைகிறார்கள். மனைவி, பிள்ளைகளின் தலைமேல் சத்தியம் கேட்கிறாள். குருக்களாகிய நாமோ மாதா சுரூபத்தின் முன் அவனை முழந்தாளிடச் செய்து, நரகத்தை நினைவூட்டி, இனித் தொடுவதில்லை என்று வாக்குறுதி வாங்குகிறோம். அவன் அழுகிறான், மனந்திரும்பினான் என்று நாம் மகிழ்கிறோம். சில நாள்களில் அவன் மீண்டும் குடித்தால், மாதாவையே ஏமாற்றியவன் என்ற பழியும் சேர்கிறது. அந்த வெட்கத்தை மறக்கவும் அவன் குடிக்கிறான்.

இதற்கு வற்புறுத்தல் என்று பெயர். ஆற்றுப்படுத்துதல் என்று பெயரன்று.

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவன் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரலாம். அடுத்து மனக்குழப்பமும், சிலருக்கு உயிராபத்தும் நேரலாம். மருத்துவரிடம் அனுப்பாமல் சத்தியம் மட்டும் வாங்குவது பக்தியாகாது, பொறுப்பின்மையே ஆகும். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, மருந்தோடு ஆலோசனையும், குடும்பத்தாருக்கான வழிகாட்டலும் சேர்ந்ததே சிகிச்சை என்று நமக்குக் காட்டியிருக்கிறது.

பேச்சின் கடுமையால் மனம் மாறுமா? அமெரிக்க உளவியலார் வில்லியம் மில்லரும் உடனாய்வாளரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கு அந்த நபர் ஓராண்டு கழித்தும் அதிகமாகக் குடித்தார் என்று கண்டனர். குற்றஞ்சாட்டினால் அவன் குடியைக் காக்கத் தர்க்கம் செய்கிறான். கேள்வி கேட்டுச் செவிமடுத்தால், விடுவதற்கான காரணத்தை அவனே சொல்கிறான். தன் வாயால் சொன்ன காரணமே அவனைக் கட்டும். இது குப்பத்து மக்கள் அறியாததன்று. முகத்துவாரத்தை அடைக்கும் மணலை வெளியிலிருந்து எத்தனை முறை அள்ளினாலும் அது மீண்டும் சேர்கிறது. ஏரியின் உள்ளிருந்து மழைவெள்ளம் பெருகும்போதோ வழி திறக்கிறது.

அப்படியானால் பாவத்தைப் பாவம் என்று சொல்லலாகாதா எனச் சிலர் கேட்பர். சொல்லலாம். ஆனால் 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் மிதமிஞ்சிய குடியைக் கண்டிப்பதோடு, ஊறிப்போன பழக்கம் ஒருவனது பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் போதிக்கிறது. முதற்பாதியை மட்டும் மறையுரையில் முழங்கி, மறுபாதியை மறைப்பது நேர்மையா? பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவனை ஆண்டவர் கண்டித்துத் தொடங்கவில்லை. நலம்பெற விருப்பமா என்றே முதலில் வினவினார். அறிவுரை பின்னர்தான் வந்தது.

உரத்த குரலுக்கு வேறு இடம் உண்டு. 2003 முதல் தமிழக அரசே டாஸ்மாக் வழியாகச் சில்லறையில் மது விற்கிறது. அதை எதிர்த்து நம் குரல் ஓங்கட்டும். குடிநோயாளியின் முன்னிலையில் அது தாழட்டும். கடலுக்குப் போகாத நாள்களில் அவனுக்கு எப்படிப் பொழுது போகிறது, குடி அவனுக்கு எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று கேட்போம். விடை வரும்வரை பொறுத்திருப்போம். அவன் தவறி விழுந்தால், மறுபடியும் வருவதற்குக் கூசாத அளவுக்கு நம் கதவு திறந்திருக்கட்டும்.

சத்தியம் வாங்குவதற்குச் சில நிமிடங்கள் போதும். செவிமடுப்பதற்கு மாதங்கள் வேண்டும். நாம் குறுக்குவழியைத் தேர்ந்துகொண்டு, தோல்விக்கு அவனைக் குற்றஞ்சாட்டுகிறோம்.