யானைக்காலும் நாமும்

தஞ்சைத் தரணி என்றதும் நெற்களஞ்சியம், பெரிய கோவில், தலையாட்டிப் பொம்மை என்று நாம் அடுக்கிக்கொண்டே போவோம். கும்பகோணம் என்றால் வெற்றிலை, பாத்திரம், டிகிரி காப்பி, கணித மேதை இராமானுஜன் படித்த ஊர். அதே ஊரின் பெயரை ஒரு நோயோடு சேர்த்து ‘கும்பகோணம் கால்’ என்று கேலி பேசிய காலமும் உண்டு. யானைக்கால் நோயைத்தான் சொல்கிறோம். பெருமைகளை மட்டும் கட்டுரையில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவது நியாயமாகாது.

இதை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு விழாவில் நடந்த ஒன்று. எங்கள் தோழி ஒருத்தியின் அப்பாயி, பேத்தி ஆடுவதைப் பார்க்கக் கிராமத்திலிருந்து பேருந்தேறி வந்திருந்தார். அவருக்கு இடது கால் முழங்கால் வரை தூண்போல வீங்கியிருந்தது. எங்களில் சிலர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம். தோழி அதைக் கவனித்துவிட்டாள். முன்வரிசையில் இருந்த அப்பாயியை எழுப்பி, கடைசியில் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் உட்கார வைத்தாள். அங்கிருந்து மேடை தெரிந்திருக்காது. சிரித்தவர்களில் இதை எழுதுகிறவர்களும் உண்டு. மறைப்பானேன்?

சிரித்த எங்களுக்கு அந்நோயைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றுமில்லை. காவிரித் தண்ணீரின் குற்றம் என்றாள் ஒருத்தி. போன பிறவிப் பாவம் என்றாள் இன்னொருத்தி. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்றுகூட ஒரு பேச்சு. பிறகு உயிரியல் பாடம் எடுக்கும் சிஸ்டரிடம் கேட்டபோதுதான் எங்கள் அறியாமை எங்களுக்கே வெட்கமாயிற்று.

நூல்போன்ற ஒரு புழு நம் உடலின் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் தங்கி வாழ்கிறது. அதன் நுண்குஞ்சுகள் இரவில்தான் இரத்தத்தில் வெளிப்பட்டு உலவும். அதனால்தான் முன்பெல்லாம் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் கதவைத் தட்டி விரல்நுனியில் இரத்தம் எடுத்தார்கள். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அதைக் கொண்டுசெல்வது கியூலெக்ஸ் கொசு. கொசுவின் பங்கை 1877இல் சீனாவிலிருந்த பேட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். தொட்டால் ஒட்டாது. ஒருமுறை கடித்தாலும் போதாது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட வேண்டும். வயல் தண்ணீரையும் பழிக்க வேண்டாம். இந்தக் கொசு விரும்புவது சாக்கடையும் மலக்குழித் தொட்டியும் தேங்கிய அழுக்கு நீரும்தான். மேட்டுநிலம் இல்லாத நம் சமவெளியில் சாக்கடை ஓடுவதில்லை, நிற்கிறது!

மருந்து இல்லாமலும் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வழிநடத்திய குழு 1947இல் டி.இ.சி. மருந்தைத் தந்தது. 1955இல் நம் நாட்டில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை வீடுவீடாக மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் வயதினருக்கு மூன்று மாத்திரை. “எனக்குத்தான் கால் நன்றாக இருக்கிறதே” என்று அதைத் தலையணைக்கடியில் ஒளித்தவர்கள் எத்தனை பேர்! வீங்காத காலுள்ளவர் இரத்தத்திலும் புழுக்குஞ்சு இருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மாத்திரை தின்றதும் சிலருக்குக் காய்ச்சல் வந்தது வேறு பயத்தைக் கிளப்பியது. புழுக்கள் சாவதால் வரும் காய்ச்சல் அது. பக்கத்திலுள்ள இலங்கை 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழே பெற்றுவிட்டது. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது.

புதிதாக நோய் வருவது நம் பக்கத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது, மகிழ்ச்சியே. ஆனால் புழு செத்தாலும் வீங்கிய கால் பழையபடி ஆகிவிடுவதில்லை. “யானைக்கால் ஒழிந்துவிட்டது” என்று பேசும்போது, அந்தக் காலோடு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களை நாம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் குறை இதுதான்.

அரைப்பரீட்சை விடுமுறையில் தோழியோடு அப்பாயி வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்கத்தான் போனோம். அவரோ எங்களைப் பேசவிடாமல் அவித்த கடலையைத் தட்டில் கொட்டினார். நாற்பது வருடமாக அந்தக் கால். “சேத்துல எறங்குனா எவ கால எவ பாக்குறா கண்ணு? கரையேறினாத்தான் வெக்கம்” என்றார். நாற்று நடப் போகும்போது இல்லாத கூச்சம் கல்யாண வீட்டுக்குப் போகும்போது வருமாம். வருடத்தில் சில தடவை நெறி கட்டி, குளிர்ஜுரம் அடித்துப் படுத்துவிடுவாராம். அந்த நாட்களில் கூலி இல்லை. எழுந்து பார்த்தால் வீக்கம் இன்னும் ஒரு சுற்று ஏறியிருக்கும்.

அந்த ஜுரத்துக்குக் காரணம் விரலிடுக்கிலும் தோல் மடிப்பிலும் உள்ள வெடிப்பு வழியே புகும் கிருமிகள். அதைத் தடுக்க ஊசியோ பெரிய வைத்தியமோ வேண்டாம். தினமும் சோப்புப் போட்டு, சுத்தமான தண்ணீரில், மடிப்பு மடிப்பாக, விரல் விரலாகக் கழுவ வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும். புண்ணிருந்தால் களிம்பு, படுக்கும்போது காலுக்கு உயரம், இறுக்காத செருப்பு. இவ்வளவே. இதற்காகத்தான் அரசு பிளாஸ்டிக் டப், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் தருகிறது. அப்பாயியும் வாங்கி வைத்திருந்தார். அந்த டப்பில் உளுந்து ஊறிக்கொண்டிருந்தது! எதற்கென்று சொல்லிக் கொடுத்தார்கள், எப்படி என்று காட்டவில்லை என்றார். குனிந்து தன் விரலிடுக்கைக் கழுவ அவரால் முடியவும் இல்லை.

எனவே இது டாக்டர் மட்டும் செய்கிற வைத்தியம் அல்ல, வீட்டிலுள்ள பேத்தி செய்கிற வைத்தியம் என்கிறோம். பெரிய வியாழனன்று கோவிலில் பாதம் கழுவுவதைப் பக்தியோடு பார்க்கும் நாம், வீட்டில் அதைச் செய்ய ஏன் முகம் சுளிக்க வேண்டும்? முதலில் எங்களுக்கும் கை கூசியது, உண்மை. இரண்டாவது குவளைத் தண்ணீருக்குப் பிறகு அது வெறும் கால்தான்.

உங்கள் வீட்டு மலக்குழித் தொட்டியின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலை கட்டியிருக்கிறதா? வகுப்பில் கேட்டோம். கை தூக்கியவர்கள் மிகச் சிலர். ஒரு முழத் துணிவலையும் கொஞ்சம் கயிறும் போதும்.

உளுந்துக்கு அப்பாயி வேறு பாத்திரம் பார்த்துக்கொண்டார். மாலையில் தோழியின் தம்பி தண்ணீர் ஊற்றுகிறான். விடுமுறைக்குப் போனால் தோழி. இந்த ஆண்டு விழாவுக்கு முன்வரிசையில் அவருக்கு இடம் போடுவதாகச் சொல்லி அனுப்பினோம். அறுப்பு முடிந்திருந்தால் வருகிறேன் என்று பதில் வந்திருக்கிறது.