பல்லைப் பிடுங்கிட்டு பாம்புன்னு காட்டுறாங்க!

தோழர்களே,

பழவேற்காடு முகத்துவாரம் மணல் மேடாகிப் போனா என்ன ஆகும்னு லைட்ஹவுஸ் குப்பத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். படகு தரை தட்டும். கடல் தண்ணி ஏரிக்குள்ள வராது. இறாலும் வராது. வீட்டுல அடுப்பு எரியாது. பல வருஷப் போராட்டத்துக்கு அப்புறம்தான் முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்து வைக்க ஏறத்தாழ 27 கோடி ரூபாய் திட்டம் வந்தது.

அதுல ஊழல் நடந்ததுன்னு நாம சொல்லலை. நாளைக்கு அதிலோ, ஊர்ல போடுற ஒரு சிமென்ட் ரோட்டிலோ சந்தேகம் வந்தா, அரசுக்குக் கட்டுப்படாத எந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுறது? இதுதான் நம் கேள்வி.

🔴 லஞ்ச ஒழிப்புத் துறை? அது மாநில அரசின் கீழ் இருக்கு. போதாததுக்கு, 2018 ஜூலையில் மத்திய அரசு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவைச் சேர்த்தது. அதிகாரி எடுத்த முடிவை விசாரிக்கணும்னா, அரசிடமே முன் அனுமதி வாங்கணும்!

🔴 உள்ளாட்சி முறைமன்ற நடுவம்? 2014ல் சட்டம் போட்டாங்க. நடுவரை நியமிப்பது அரசு. அப்படி ஒரு அலுவலகம் இருக்குன்னு எத்தனை குப்பத்துக்குத் தெரியும்?

🔴 லோக் ஆயுக்தா? மத்திய சட்டம் 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரே வருஷத்துல மாநிலங்கள் அமைக்கணும்னு அதுல எழுதியிருக்கு. தமிழ்நாடு நாலு வருஷம் தூங்கியது. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலை 10 வரை கெடு வைத்தது. ஜூலை 9ல் சட்டசபையில் அவசர அவசரமாக மசோதா நிறைவேறியது!

அந்த லோக் ஆயுக்தாவைத் தேர்ந்தெடுப்பது யார்? முதலமைச்சர், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர். மூணுல ரெண்டு ஆளும் தரப்பு. நீதிபதி ஒருத்தர்கூட இல்லை. டெல்லி லோக்பால் தேர்வுக் குழுவிலாவது அஞ்சு பேர். அதில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியோ அவர் சொல்லும் நீதிபதியோ இருக்கணும்.

நம்ம பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ முறை தலைமுறை தலைமுறையா இருக்கு. யாரும் தனக்குப் பிடிச்ச இடத்தைத் தானே எடுத்துக்க முடியாது. சீட்டு போட்டு, முறை வச்சுத்தான் வலை இறங்கும். வலை போடுற இடத்துக்கே இவ்வளவு நியாயம் பார்க்குறவங்க நாம. தன்னை விசாரிக்கப் போறவரைத் தானே தேர்ந்தெடுத்துக்கிற அரசை எப்படி ஏத்துக்குறது?

தனி போலீஸ் பிரிவோட லோக் ஆயுக்தா இருந்தா என்ன நடக்கும்னு கர்நாடகாவைப் பாருங்க. 2011ல் நீதிபதி சந்தோஷ் ஹெக்டேயின் சுரங்க ஊழல் அறிக்கை வந்தது. முதல்வர் எடியூரப்பா நாற்காலியை விட்டு இறங்கினார். அடுத்து என்ன? 2016ல் காங்கிரஸ் அரசு தனியா ஊழல் தடுப்புப் படை ஒன்றைத் தொடங்கி லோக் ஆயுக்தாவின் அதிகாரத்தைப் பறித்தது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் படையைக் கலைத்து அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது.

கேரளாவில் 2021ல் லோக் ஆயுக்தா தீர்ப்புக்குப் பின் அமைச்சர் ஜலீல் பதவி விலகினார். அடுத்த வருஷமே இடதுசாரி அரசு அந்த அதிகாரப் பிரிவைத் திருத்தியது.

கொடி வேற, குணம் ஒண்ணு! கடிக்கிற பாம்புன்னு தெரிஞ்ச உடனே பல்லைப் பிடுங்குறாங்க.

நாம் கேட்பது மூணே மூணு:

✅ தேர்வுக் குழுவில் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி இருக்கணும்.
✅ லோக் ஆயுக்தாவுக்குச் சொந்தமா விசாரணைப் போலீஸ் வேணும்.
✅ ஊராட்சிப் பணமும் அதன் பார்வைக்குள் வரணும்.

நாளைக்கு நம்ம கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதே அலுவலகம் நம்மையும் விசாரிக்கணும். அதுக்குத் தயாரில்லாதவங்க இந்தக் கோரிக்கையைப் பேசவே தகுதியில்லாதவங்க.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம் தோழர்களே. 10 ரூபாய் கட்டணத்துல தகவல் உரிமை மனு போடலாம். உங்க ஊர் வேலையோட மதிப்பீடு, ஒப்பந்தம், பில் மூணோட நகலையும் கேளுங்க. அடுத்த கிராம சபையில் அதை ஊரறியப் படிங்க. பதில் வரலைன்னா, அதையும் தீர்மானத்துல எழுத வையுங்க.

கணக்கு கேட்பது குற்றமல்ல. கணக்கு காட்ட மறுப்பதுதான் குற்றம்!

பகிருங்கள். ஒவ்வொரு குப்பத்துக்கும் போய்ச் சேரட்டும். ✊

#கணக்குகேள் #அதிகாரமுள்ளலோக்ஆயுக்தா #பழவேற்காடு